முதுகுக்கும் முகத்துக்கும் நடுவே

மழை விட்ட மத்தியானம். வழுதக்காட்டுப் பெண்கள் கல்லூரியின் மாடி ஜன்னலில் எலிசாள் ஒரு பிலிம் துண்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்திருக்கிறாள். ஆரியசாலை டாக்கிக் கொட்டகையில் படம் அறுந்தபோது ஆப்பரேட்டர் வெட்டிப் போட்டது. தோழி விஜயம் தன் அண்ணனிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். எலிசாளின் அப்பா நெய்யாற்றின்கரையில் கிறிஸ்தவ சபை உபதேசியார். டாக்கி பார்க்கமாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் அவளை விடுதியில் சேர்த்தார். செய்யுளை வரிவரியாகப் படிக்கிற பழக்கத்தில் அவள் இதையும் கட்டம் கட்டமாகப் படிக்கிறாள். வாசற்படியில் ஒரு பெண். முதல் கட்டத்தில் முதுகு மட்டும். கீழே போகப் போகக் கழுத்து திரும்புகிறது, பின்னல் தோளைவிட்டு நழுவுகிறது, தோடு தெரிகிறது. கன்னம் தொடங்கும் இடத்தில் துண்டு முடிந்துவிடுகிறது.

"முகம் இல்லியே விஜயம்."

"முகம் படத்துல இருக்குடீ, நான் பாத்தேன். ஆனா வெட்டி ஒட்டினதுல, முதுகா நின்னவ சட்டுனு முகமா நிக்கறா. திரும்பறதே இல்லை."

"பின்னே, அவ திரும்புறத நான் மட்டுந்தான் பாத்திருக்கேனா?"

விஜயம் தலையாட்டுகிறாள். எலிசாள் துண்டை விரலிடுக்கில் வேகமாக இழுத்துப் பார்க்கிறாள். சாம்பல் நிறம் ஓடுகிறது, யாரும் அசையவில்லை.

"அந்த முகம் எப்படி இருந்துச்சு? அழுதாளா?"

"சொல்லத் தெரியலை. நீ திரும்பிக் காட்டேன்."

எலிசாள் துண்டை அவள் கையில் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்து நிற்கிறாள். பிறகு மூச்சைப் பிடித்தபடி, மெல்ல மெல்லத் திரும்புகிறாள். பின்னல் நழுவுகிறது. வகுப்பு மணி அடிக்கிறது. கன்னம் தெரியத் தொடங்கும் இடத்தில் அவள் நின்றுவிடுகிறாள். அதற்கு மேல் அவள் பார்த்ததில்லை.