கண்ணாடிக்கு முகம் காட்டிய நாள்

கதவில் இருந்த கண்ணாடிக்கு முதுகைக் காட்டாமல் அன்றுதான் முதல் தடவையாக உட்கார்ந்தேன்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர வருகிறவள் நேராக உள்ளே வந்துவிட முடியாது. வராந்தா விளக்கை அணைத்துவிடுவார்கள். அவள் இருட்டில் நின்று, கதவின் சின்னக் கண்ணாடி வழியாக எங்களை ஒரு முறை பார்க்க வேண்டும். தெரிந்த முகம் இல்லையென்றால் வரலாம். பார்க்கப்பட விருப்பமில்லாதவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

தன் மேல் கை வைத்தவனின் பெயரை வெளியே சொல்ல முடியாத ஏழு பெண்கள் நாங்கள். இந்த ஏற்பாடு இல்லையென்றால் ஒருத்தியும் வந்திருக்க மாட்டோம். குழுவில் இருந்த நர்ஸ் இதற்கு மீன் தொட்டி என்று பெயர் வைத்திருந்தாள்.

ஆலோசகர் ஆரம்பத்தில் பல வழிகளைச் சொன்னார். தனியாகப் பேசலாம், தூக்கத்துக்கு மாத்திரை எழுதித் தர டாக்டரிடம் அனுப்பலாம், படம் வரையலாம். தனியாகப் பேசிப் பேசி என் குரல் எனக்கே அலுத்துப்போன பிறகுதான் குழுவுக்கு வந்தேன். வீட்டில் கம்ப்யூட்டர் வகுப்பு என்று சொல்லியிருந்தேன். விஷயம் அம்மா காதுக்குப் போனால் குடும்பம் இரண்டுபட்டுவிடும்.

ஆறு மாதமாக, புது ஆள் வரும் நாளிலெல்லாம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டேன். போன வாரம் என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. தப்பு செய்தவர் தலை நிமிர்ந்து நடக்கிறார், நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

அதனால் அன்று திருப்பவில்லை.

வராந்தா விளக்கு அணைந்தது. வழக்கமாகப் பத்து எண்ணுவதற்குள் கதவு திறந்துவிடும். நான் நூறு வரை எண்ணிவிட்டேன். நர்ஸ் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

கதவு திறந்தது. ஆலோசகர் மட்டும் வந்து என் பக்கத்தில் குனிந்தார்.

“உங்களைத் தெரிஞ்சவங்க. உள்ள வரட்டுமான்னு உங்களைக் கேக்கச் சொன்னாங்க. வேண்டாம்னா வியாழக்கிழமை குழுவுக்கு மாத்திடலாம்.”

யார் என்று கேட்கக் கூடாது. அதுவும் விதி.

மாடி வீட்டு டீச்சராக இருந்தால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரியாக இருந்தால் சாயங்காலம்கூட ஆகாது. துணிச்சலைக் காட்ட நல்ல நாள் பார்த்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஆனால் அவளுக்கும் இதே பயம்தானே. என்னைப் பார்த்த பிறகும் ஓடிப்போகாமல் நிற்கிறாள். வரட்டும் என்று தலையாட்டினேன்.

கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு என் தங்கை உள்ளே வந்தாள்.

“நீயுமாக்கா?” என்றாள்.

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் வீட்டில் யாரிடமும் மூச்சு விடாமல் இருந்தால் அவள் பக்கமே திரும்ப மாட்டேன் என்று சித்தப்பா அன்றைக்கு எனக்குச் சத்தியம் செய்திருந்தார். பதினாறு வருடமாக நான் மூச்சு விடவில்லை.