மூலைக்கல்

அடிமைமுறை இருந்த காலத்து வர்ஜீனியாவில் ஒரு கறுப்பர் அடிமை இல்லை என்று சொல்ல ஒரே சாட்சி அவருடைய விடுதலைப் பத்திரம்தான். கொத்தனார் டைட்டஸ் அதை ஊரிலேயே உறுதியான இடத்தில் வைத்தார். அவர் கட்டிக்கொண்டிருந்த சிறையின் மூலைக்கல்லுக்குப் பின்னால், தகரப் பெட்டியில். தன்னைத்தான் ஊருக்கே தெரியுமே என்று இருந்துவிட்டார். புதிதாக வந்த காவல் அதிகாரி ஷெரீப்புக்குத் தெரியவில்லை. தப்பி வந்த அடிமை என்று அந்தச் சிறையிலேயே அடைத்துவிட்டார். நாளை அவரை ஏலம் விடுவார்கள்.

“அந்த ஒரு கல்லை மட்டும் எடுத்துப் பாருங்கய்யா. பத்திரம் அதுக்குப் பின்னாலதான் இருக்கு.”

“ஜெயில் சுவத்தை இடிக்கச் சொல்றியா?” காவலாளி சிரித்தான். “கை வச்சே, தூக்குதான்.”

அவன் போனதும் டைட்டஸ் கல்லிடுக்கை நகத்தால் சுரண்டினார். நகம் பெயர்ந்தது. சுண்ணாம்பு இம்மிகூட உதிரவில்லை. மட்டமான வேலை அவருக்கு ஒருநாளும் கைவந்ததில்லை.