துணிக்குள் வெளிச்சம்

சலூன் நாற்காலியில் கண்டக்டர் தலையைப் பின்னால் சாய்த்திருக்கிறார். கழுத்துவரை வெள்ளைத் துணி. ஒரு கன்னம் மழித்தாயிற்று, மறு கன்னத்தில் நுரை. கத்தி தொண்டைக்கு வந்த நேரம் பார்த்துத் துணிக்குள் போன் அதிர்கிறது, மடியில் நீலமாய் வெளிச்சம் பரவுகிறது. துள்ளுகிறார். நுரையில் சிவப்பு கசிகிறது. "கழுத்துல கத்தி இருக்கு அண்ணே! உயிரோட விளையாடுறீங்களே," என்று சலூன்காரர் படிகாரத்தைத் தேய்க்கிறார். "பொண்ணு எங்கிட்ட பேச்சையே விட்டுட்டா தம்பி. காலையில அவ சின்ன வயசுப் படத்தைப் போட்டேன். ஒரு லைக்காவது போடுவாளான்னு..." துணியை விலக்கிப் பார்க்கிறார். முன்பின் தெரியாத யாருக்கோ இன்று பிறந்தநாளாம், வாழ்த்தச் சொல்கிறது போன். திரையைக் கீழே இழுத்துவிடுகிறார். வட்டம் சுற்றி நிற்கிறது, புதிதாக ஒன்றுமில்லை. மறுபடி இழுக்கிறார். "உள்ள வைங்க அண்ணே, எல்லாம் ஏமாத்து வேலை." வைக்கிறார். தாடையை உயர்த்துகிறார். கத்தி தோலைத் தொடுகிறது. துணிக்குள் மறுபடியும் வெளிச்சம். இம்முறை கண்டக்டர் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் அந்த நீலத்தையே பார்க்கிறார். கத்திதான் நின்றுவிடுகிறது. "எடுத்துப் பாருங்க அண்ணே," என்கிறார் சலூன்காரர், குரலைத் தாழ்த்தி. "ஒருவேளை பாப்பாவா இருந்தா?"