நான்கு குஞ்சுகளின் தகப்பன்

"கீய்ங்... கீய்ங்..." என்று குஞ்சு அலறும் சத்தம் கேட்டதும், காதுக்கருவியை மாட்டியபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்த சபேசன் தட்டைத் தள்ளிவிட்டுத் திரைக்கு முன்னால் பாய்ந்து உட்கார்ந்தான்.

தாமரைக்கோழிகளில் முட்டையிட்டதும் பெட்டை போய்விடும். அடைகாத்து வளர்ப்பது தகப்பன்தான். அல்லிக்குளத்தில் சேவல்கள் அருகிப்போனதால் அந்த வேலையை இப்போது இயந்திரப் பறவைகள் செய்தன. அவற்றில் ஒன்றை வீட்டிலிருந்தே இயக்குவது சபேசனின் உத்தியோகம்.

கைப்பிடியை அழுத்தினான். திரையில் பறவை தாழ்ந்து சிறகை விரித்தது. குஞ்சுகள் ஓடிவந்து உள்ளே ஒண்டிக்கொண்டன. எட்டுக் கால்கள் மட்டும் வெளியே தொங்கின. ஆனால் அலறல் நிற்கவில்லை.

"என்னண்ணே, பாம்பா?" காதுக்கருவியில் கேட்டாள் அடுத்த குளத்துப் பறவையை ஓட்டும் ஸ்டெல்லா.

"ஒண்ணையும் காணோம். நாலும் சிறகுக்குள்ளதான் இருக்கு. ஆனா கத்துதே!"

"உங்களை மாதிரி அப்பன் கிடைக்க அதுங்க குடுத்து வெச்சிருக்கணும். கருவியைக் கழட்டிப் பாருங்க, அதுலதான் கோளாறு இருக்கும்."

கழற்றினான். அலறல் இன்னும் பலமாகக் கேட்டது, குளியலறையிலிருந்து.

ஏழு வயது மகள் பூவிழி ஈரத்தரையில் வழுக்கி விழுந்து கிடந்தாள். கணுக்கால் பந்தாக வீங்கியிருந்தது. அவளை வாரித் தூக்கிய சபேசனால் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

"விழுந்த உடனே அப்பாவைக் கூப்பிடக் கூடாதா, கண்ணு?"

"ரொம்ப நேரம் 'அப்பா, அப்பா'ன்னுதான் கூப்பிட்டேன். நீ வரல. அப்புறம்தான் குஞ்சு மாதிரி கத்தினேன்."