ஓடாத முயல்

புதருக்குள் இரண்டு காதுகள்.

அவன் கம்பைக் கீழே போட்டான். பாய்ந்தான்.

முள் கிழித்தது. உறைக்கவில்லை. நெஞ்சுக்கு அடியில் ரோமம். சூடு. துடிப்பு.

பிடித்துவிட்டான்!

வெறுங்கையால். வலை இல்லாமல், நாய் இல்லாமல்.

கல்யாணமாகி மனைவியின் ஊருக்கே வந்த பிறகு, ஒவ்வொரு மாசி வேட்டையிலும் எதுவும் இல்லாமல்தான் திரும்பியிருக்கிறான். இன்று கிளம்பும்போதுகூட மனைவியின் அண்ணன் ஆண்டிச்சாமி எல்லோர் முன்னாலும் கேட்டான்.

"மாப்ள, முயலெல்லாம் வேணாம். ஒரு ஓணானாவது அடிச்சிட்டு வருவியா?"

இப்போது அதே ஆண்டிச்சாமி முள்ளையும் மிதித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"ஏய், புடிச்சிட்டான்டா! எங்க மாப்ள வெறுங்கையால புடிச்சிட்டான்டா!"

கண்மாய்க்கரை முழுக்க விசில். யாரோ கட்டிப்பிடித்தார்கள். யாரோ தன் துண்டை உருவி அவன் தலையில் கட்டினார்கள். ஆண்டிச்சாமி குனிந்து, அவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தான்.

தோளில் இருந்தபடி அவன் முயலின் காதுகளைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான். மேளம் வேகமெடுத்தது.

வேட்டையின் முதல் முயலைக் கோயில் வாசலில் அறுப்பார்கள். வீட்டுக்கு ஒரு துண்டு கறி. ஈரல் மட்டும் பிடித்தவனின் பிள்ளைக்கு. அதை ஊட்டிய பிறகுதான் மற்றவர்கள் வாயில் வைப்பார்கள்.

அவன் மகள் இதுவரை அடுத்த பிள்ளைகள் தின்பதைப் பார்த்துத்தான் நின்றிருக்கிறாள்.

அவன் கை தாழ்ந்தபோது ஆண்டிச்சாமியின் நாய் எம்பியது. முயலை மோந்தது. பின்வாங்கியது.

முயலைக் கண்டு பின்வாங்குகிற நாய் அல்ல அது.

அவன் முயலைத் தன் பக்கம் திருப்பினான்.

கண்கள் சீழில் ஒட்டிக் கிடந்தன. கழுத்துக்கு அடியில் புளியங்கொட்டை புளியங்கொட்டையாகக் கட்டிகள். மூக்கில் நுரை.

ஓடைப்பக்கம் முயல்கள் செத்துக் கிடப்பதாகப் போன வாரம் ஆடு மேய்க்கிறவர் சொன்னார். வெயில்தான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அவனும்தான்.

இது ஓடவே இல்லை.

அவன் பாய்ந்தபோது தலையைக்கூடத் திருப்பவில்லை.

கோயில் வாசலில் குலவை எழுந்தது. முன்வரிசையில் அவன் மனைவி. அவள் இப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

அப்பா, அப்பா என்று கத்தியபடி, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு மகள் ஓடி வந்தாள்.

அவன் முயலை இன்னும் மேலே தூக்கினான். யார் கைக்கும் எட்டாத உயரத்துக்கு.

கூட்டம் அதற்கும் விசிலடித்தது.

"மச்சான், நான் புடிக்கல. இது சீக்கு முயலு. ஓட முடியாம உக்காந்திருந்துச்சு."

மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அவனுக்கு மட்டும் கேட்டது.

இன்னொரு முறை சொல்ல வேண்டும். இன்னும் சத்தமாக.