கட்டியவர் முட்டைக்கண்ணி

"யாருங்க அந்த முட்டைக்கண்ணி?"

போனில் கூட்டாளி சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டார். 

அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு ஓடினாள். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. என்ன கூத்து நடந்திருக்கிறது என்று கேள்வியிலேயே புரிந்துவிட்டது.

அவளும் கூட்டாளியும் இலவசமாக வெளியிடும் லினக்ஸில், அதாவது கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளில், எல்லாம் அவரவர் கையால்தான். கேட்பவருக்கு மூல நிரல் மட்டும் போகும். அதைத் தன் கம்ப்யூட்டருக்குப் பொருந்துகிற மாதிரி அவரே கம்பைல் செய்து, ஓடுகிற வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். துணியை மட்டும் கிழித்துக் கொடுத்து, தைப்பது உன் பாடு என்று சொல்கிற கடை மாதிரி.

அதிலும் கெர்னலைத் தைப்பது பெரும்பாடு. கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் எழுந்து, மற்றதையெல்லாம் தட்டி எழுப்புவது அதுதான். பழைய மெஷின் என்றால் அதைக் கம்பைல் செய்ய ஒரு நாள் முழுக்க முக்கி முனகும்.

கெர்னலையாவது ரெடிமேடாகக் கொடுப்போமே என்று ஆரம்பித்தது அவள். வாராவாரம் கம்பைல் செய்து கட்டி, சோதித்து, பேக்கேஜாக வெளியிடுவதும் அவளே.

கெர்னலுக்கு ஒரு குணம் உண்டு. தன்னைக் கட்டியவர் பெயரைத் தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் எழும்போது திரையில் ஓடுகிற முதல் வரியிலேயே அது வந்து நிற்கும். வழக்கமாகக் கட்டுவது பொது சர்வர். அதற்குச் சப்பென்று ஒரு பொதுப் பெயர்.

நேற்று அந்த சர்வர் படுத்துவிட்டது. பாதுகாப்பு ஓட்டை ஒன்றை அடைத்தே ஆகவேண்டிய அவசரம். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கும் தன் சொந்தக் கம்ப்யூட்டரில் கட்டி அனுப்பிவிட்டாள்.

அந்தக் கம்ப்யூட்டரில் அவள் பெயர் முட்டைக்கண்ணி.

காலைக்குள் நாலாயிரம் பேர் அதைப் போட்டுக்கொண்டுவிட்டார்கள். ஒருவர் அது இந்த வெளியீட்டின் செல்லப்பெயர் என்று நினைத்து, ரொம்ப நன்றாக இருக்கிறது என்று பாராட்டியே விட்டாராம்.

அண்ணன் வைத்த பெயர் அது. பள்ளிக்கூட நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவான். அவளுக்கு முதல் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்தபோது வேண்டுமென்றே அதையே பதிந்து வைத்தான். அன்றைக்கு மூக்கைச் சிந்திக்கொண்டு சண்டை போட்டவள், அதற்கப்புறம் எத்தனையோ கம்ப்யூட்டர் மாற்றியும் பெயரை மட்டும் மாற்றவில்லை.

இந்த லினக்ஸைத் தொடங்கியதே அண்ணனும் அவளும்தான். ரெடிமேட் பேச்சை எடுத்த அன்று அவன் எகிறிக் குதித்தான்.

"ரெடிமேட் வேணும்னா வேற கடைக்குப் போகச் சொல்லு. நான் செத்தாலும் அதைத் தொடமாட்டேன்."

அவளும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. வார்த்தை தடித்தது. அவன் கோபித்துக்கொண்டு போய் இருபத்திரண்டு மாதம் ஆகிறது. போன் செய்தால் எடுப்பதில்லை.

அந்த மடையனுக்கு ஒன்று தெரியாது. அதற்கு முன்பு ஒருநாள் அவன் அறைக்குப் போயிருந்தாள். பத்தொன்பது மணி நேரமாகக் கெர்னலைக் கம்பைல் செய்து அவனுடைய பழைய லேப்டாப் கொதித்துக்கொண்டிருந்தது. இருந்த ஒரே மேஜை விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு, ஆபீசுக்கு அனுப்ப வேண்டியதை அனுப்ப முடியாமல் இவன் வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

அன்றுதான் அவளுக்கு ரெடிமேட் யோசனையே வந்தது. உனக்காகத்தான் என்று சொல்லவில்லை. சொன்னால் ரோஷம் இன்னும் பொத்துக்கொண்டு வரும்.

இன்றும் ஒவ்வொரு கெர்னலிலும், அவன் லேப்டாப்பில் இருக்கும் அரதப் பழசான வயர்லெஸ் சிப்புக்கு வேண்டியதையும் மறக்காமல் சேர்க்கிறாள். நாலாயிரம் பேர் போட்டுக்கொண்டது பெரிதில்லை. அவன் ஒருவன் போட்டுக்கொள்ள மாட்டானா என்று வாராவாரம் மனசு அடித்துக்கொள்ளும்.

புகார்ப் பக்கத்தில் அதற்குள் யாரோ எழுதியிருந்தார்கள். கெர்னலில் ஒருவரது சொந்தப் பெயர் கசிந்திருக்கிறது, உடனே நீக்கவும்.

முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பெயரை மாற்றி மறுபடி கட்டத் தொடங்கினாள். முடிய நாற்பது நிமிடம் ஆகும்.

பாதி ஓடியிருக்கும்போது அந்தப் புகாரை யாரோ முடிந்தது என்று மூடிவிட்டார்கள்.

அவள் மூடவில்லை. கூட்டாளியாக இருக்கும் என்று போன் செய்தாள். அவர் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தார். புகாரை மூடும் உரிமை இருப்பது மூன்றே பேருக்கு. மூன்றாமவன் போன பிறகும் அவனுடைய உரிமையைப் பறிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மூடியதற்குக் காரணம் கீழே இருந்தது.

"பழுது எதுவும் இல்லை. என் லேப்டாப்பிலும் இன்று காலை இதே பெயர்தான் வந்தது. இருக்கட்டும்."