குப்பைக்கூடை நோட்டு

“வார்மரை ஆஃப் பண்ணும்மா. முப்பத்தேழரை டிகிரி காட்டுது. ஆளை வேக வைக்கப் போறியா?”

திறந்த முழங்காலுக்குள் குனிந்தபடியே சொன்னார் சர்ஜன்.

நான் அணைக்கவில்லை.

இந்தத் தியேட்டரில் எல்லோரும் செய்கிற தப்பு இது. ரத்தம் கொட்டாமலிருக்கத் தொடையில் காற்றுப் பட்டையை இறுக்குவார்கள். காலுக்குப் போக வேண்டிய சூடு உடம்பிலேயே தங்கும். திரையில் எண் ஏறும். உடனே, சூடான காற்று ஊதும் வார்மரை அணைத்துவிடுவார்கள்.

கால் மட்டும் ஒன்றரை மணி நேரமாய்ச் சில்லிட்டுக் கிடக்கும். பட்டையைத் தளர்த்தியதும் அந்தக் குளிர் முழுக்க நெஞ்சுக்கு ஓடும்.

போன வருஷம் ஒரு அம்மா கட்டில் கடகடவென்று ஆடும்படி நடுங்கினார். மூன்று நாள் ஐசியூ. நடுங்குவது சகஜம் என்றார் பெரிய டாக்டர்.

அன்றைக்கே நோட்டுப் போட்டேன். நாற்பத்தொரு நோயாளிகளின் உடம்புச் சூடு, பட்டையைத் தளர்த்துவதற்கு முன்னும் பின்னும்.

பெரிய டாக்டர் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. டெக்னீஷியனுக்கு ஆராய்ச்சி ஒரு கேடா என்று, குடித்து மீந்த காபியோடு தன் அறைக் குப்பைக்கூடையில் போட்டார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாக டிகிரி வாங்கியவள் நான். அவர் கண்ணெதிரே குப்பைக்குள் கைவிட்டு எடுத்தேன்.

“காது கேக்கலையா?” சர்ஜன் நிமிர்ந்தார். “இதெல்லாம் பெரிய டாக்டர் காதுல விழுந்தா உன் சீட்டு கிழிஞ்சிடும்!”

“இப்ப விழாது சார். பட்டையைத் தளர்த்திப் பத்து நிமிஷம் போகட்டும், நானே அணைக்கிறேன்.”

நர்ஸ் அக்காவின் மாஸ்க் சிரிப்பில் குலுங்கியது. மயக்க மருந்து டாக்டரம்மா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இருக்கட்டும் என்று தலையசைத்தார்.

சர்ஜன் மறுபடி முழங்காலுக்குள் குனிந்தார்.

பட்டை தளர்ந்தது. முப்பத்தேழரை. முப்பத்தேழு புள்ளி இரண்டு. முப்பத்தேழு.

அதோடு நின்றது. வேலை போனால் போகட்டும் என்று வார்மர் மேல் வைத்திருந்த கையை அப்போதுதான் எடுத்தேன்.

ரெக்கவரி அறையில் கட்டில் ஆடவில்லை. பக்கத்தில் நின்று நாற்பத்திரண்டாவது வரியை எழுதினேன்.

கண் விழித்தவர் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு நோட்டைப் பார்த்தார்.

அதன் அட்டையில், அன்றைக்கு அவர் குடித்து மீந்து குப்பைக்கூடையில் போட்ட காபியின் கறை இன்னும் போகவில்லை.